கிப்லியின் எர்த்ஸீ படத்தை நாவல் வாசகர்கள் ஏன் ஏற்றுக்கொள்வதில்லை?

கேள்வி இதுதான்: ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான கிப்லி ஸ்டுடியோவின் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' பார்த்தேன், நன்றாகத்தானே இருந்தது, உர்சுலா லெ குவினின் நாவல்களைப் படித்தவர்கள் மட்டும் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள், 'புத்தகம்தான் பெஸ்ட்' என்கிற வழக்கமான புலம்பல்தானா?

வழக்கமான புலம்பல் இல்லை. கதையை மாற்றிவிட்டார்களே என்பது என்னுடைய வருத்தமும் இல்லை. எர்த்ஸீ என்பது தீவுகளாலான ஒரு கற்பனை உலகம், அதன் கதைகள் மொத்தம் ஆறு புத்தகம். ஐந்து நாவல், ஒரு கதைத் தொகுப்பு, 1968-இல் ஆரம்பித்து 2001 வரை வந்தவை. அதை 115 நிமிடப் படமாக்க வேண்டுமென்றால் வெட்டத்தான் வேண்டும், ஒட்டத்தான் வேண்டும், ஒரு புத்தகத்தின் ஆளை இன்னொன்றுக்குள் கொண்டுபோய் விடவும் வேண்டும். அதெல்லாம் சரி. ஆனால் அந்தக் கதைகள் எதன்மேல் நிற்கின்றனவோ அதையே எடுத்துவிட்டால்? கெட், ஆரன், டெனார், டெரு, காப் என்று எல்லாப் பெயரும் படத்தில் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய மனிதர்கள் இல்லை.

நீங்கள் படம் மட்டும் பார்த்திருப்பதால் முதல் நாவலில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது தெரியாமல் இந்த வருத்தம் புரியாது.

கான்ட் என்ற மலைத்தீவில் ஒரு பையன். அம்மா இல்லை, அப்பா வெண்கலக் கொல்லர், பையன் ஆடு மேய்க்கிறவன். அம்மாவின் சகோதரி அந்தக் கிராமத்து மந்திரக்காரி, அவளிடம் நாலு மந்திரம் கற்றுக்கொள்கிறான், ஊரைக் கொள்ளையடிக்க வந்த கார்க் வீரர்களை மூடுபனியை வரவழைத்துத் தடுத்துவிடுகிறான். அவனுடைய சக்தியைக் கேள்விப்பட்டு ஓகியன் என்கிற பெரிய மந்திரவாதி தேடிவந்து அவனுக்குக் கெட் என்ற பெயரை வைத்து, சிஷ்யனாக அழைத்துப்போகிறார். இந்த ஓகியன் பேசவே மாட்டார். மழை பெய்தால் நிறுத்தும் வித்தை தெரிந்தும் நிறுத்தாமல் மரத்தடியில் ஒதுங்கிப் படுத்துக்கொள்கிறவர். பையனுக்கு எரிச்சல், மழையைக்கூட நிறுத்தாத சக்தி எதற்கு என்று. ஏனென்றால் இங்கே நிறுத்திய மழை வேறெங்கோ புயலாக விழும், ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசையும், அதனால் அவசியமில்லாமல் எதையும் தொடாதே. எர்த்ஸீயின் ஆறு புத்தகங்களும் இந்த ஒரு நிதானத்தின்மேல்தான் நிற்கின்றன, அதை லெ குவின் உபதேசமாகச் சொல்லாமல் நனைந்துகொண்டு தூங்கும் ஒரு மனிதரை வைத்துச் சொல்லிவிடுகிறார்.

பையனுக்குப் பொறுமை இல்லை. ரோக் தீவுப் பள்ளிக்குப் போகிறான், அங்கே ஜாஸ்பர் என்கிற பணக்காரப் பையனோடு போட்டி, அவன் சீண்ட இவன் வீம்புக்கு, இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவியை அழைத்துக் காட்டுகிறேன் என்று நிற்கிறான். அழைத்தும் விடுகிறான். அந்தப் பிளவு வழியாகக் கூடவே ஒரு நிழல் வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அதை மூடுவதற்குப் பள்ளியின் தலைமை மந்திரவாதி தன் முழு சக்தியையும் செலவழித்து இறந்துபோகிறார். ஒரு வாலிபனின் ஆணவத்துக்கு ஒரு முதியவரின் உயிர் விலை. முகத்துத் தழும்பு கடைசிவரை போகாது. அதற்குப் பிறகு நாவலின் பாதிக்கு மேல் அந்த நிழல் அவனைத் துரத்துகிறது, அவன் தீவு தீவாக ஓடுகிறான், ஓகியனிடம் திரும்பி வரும்போது அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஓடாதே, திரும்பி நின்று நீ அதைத் துரத்து. கடைசியில் உலகத்தின் கிழக்கு விளிம்பையும் தாண்டி, கடல் மணலாக மாறிப்போன ஓர் இடத்தில், இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். கெட் அதைக் கொல்வதில்லை. தன் சொந்தப் பெயரைச் சொல்லி அதை அழைக்கிறான், அதுவும் அதே நொடியில் அதே பெயரைச் சொல்கிறது, கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், ஒரே ஆளாகிறார்கள். அந்த இருட்டு அவனுடையதுதான், வெளியிலிருந்து வந்த பிசாசு கிடையாது. வில்லனே இல்லாத க்ளைமாக்ஸ். 1968-இல், இளம் வாசகர்களுக்கு என்று எழுதிய ஒரு ஃபேன்டசி நாவலில் இதைச் செய்திருக்கிறார்.

இப்போது படத்துக்கு வாருங்கள். அந்த நிழலைக் கெட்டிடமிருந்து எடுத்து ஆரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். படத்தின் தொடக்கத்தில் இளவரசன் ஆரன் அரண்மனை வராந்தாவில் தன் அப்பாவைக் குத்திக் கொல்கிறான், வாளை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். ஏன்? படம் பதில் சொல்வதில்லை. உலகத்தில் சமநிலை கெட்டுவிட்டது, அதனால் மனிதர்களுக்குப் பித்துப் பிடிக்கிறது என்று பொதுவாக ஒரு வசனம் வரும். துரத்தி வருவது அவனிடமிருந்து பிரிந்துபோன அவனுடைய இன்னொரு பாதி என்று வெகுநேரம் கழித்து ஒரு விளக்கமும் வரும். அதற்குள் அந்தக் கொலை நம் மனதிலிருந்தே போய்விடுகிறது, படமும் அதை மறந்துவிடுகிறது, முடிவில் ஊருக்குப் போய்ப் பிராயச்சித்தம் செய்கிறேன் என்று அவன் சொல்லும்போதுதான் ஓ, இவன் அப்பாவைக் கொன்றவன் ஆயிற்றே என்று ஞாபகம் வருகிறது. கெட்டின் நிழலுக்குக் காரணம் இருந்தது: ஆணவம், பொறாமை, ஒரு ராத்திரியில் நடந்த வீம்பு. வாசிக்கிற யாருக்கும் அதில் தன் முகம் தெரியும். ஆரனின் நிழலுக்குக் காரணம் இல்லாததால் நாம் அவனை வேடிக்கைதான் பார்க்க முடிகிறது.

இதில் எனக்கு அதிகம் வலிப்பது என்னவென்றால், நாவலில் ஆரனுக்கு என்று ஒரு குற்றம் ஏற்கெனவே இருக்கிறது, கொலையைவிட ஆழமான குற்றம். படம் எடுத்துக்கொண்ட கதையின் பெரும்பகுதி 1972-இல் வந்த மூன்றாவது நாவல், 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்'. அதில் ஆரனின் அப்பா ஒரு தீவை ஆளும் நல்லவர், உலகத்தில் மந்திரம் வற்றிக்கொண்டே போகிறது என்று சொல்லிவரத் தன் மகனை நம்பி ரோக் தீவுக்கு அனுப்புகிறார். அங்கே கெட் இப்போது தலைமை மந்திரவாதி, வயதானவர். இரண்டு பேரும் ஒரு சின்னப் படகில் காரணத்தைத் தேடிக் கிளம்புகிறார்கள். வழியில் ஒரு தீவில் கரையிறங்கப் பார்க்கும்போது ஈட்டி பாய்ந்து கெட் படகில் சாய்ந்துவிடுகிறார். ஆரன் என்ன செய்கிறான்? ஒன்றும் செய்வதில்லை. சாவைப் பற்றிய பயம் அவனுக்குள் போய்விட்டது, எல்லாம் வீண் என்று தோன்றிவிட்டது, துடுப்பைத் தொடாமல், காயம்பட்டவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் படகைக் கடலில் மிதக்க விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறான். தெப்பத்தில் வாழும் ஜனங்கள் பார்த்துக் காப்பாற்றுகிறார்கள். தன்மேல் உயிரையே வைத்திருந்த ஒருவரைச் சாகவிட்டேன் என்று அவன் பிறகு கெட்டிடமே சொல்கிறான், அவர் கேட்டுக்கொள்கிறார், மன்னிப்பு என்ற சொல்கூட வேண்டாம் என்பதுபோல் இருக்கும் அந்தப் பேச்சு. நம்பிக்கை இழந்தவன் எப்படித் துரோகி ஆகிறான் என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன ஃபேன்டசிக் கதையை நான் படித்ததில்லை. அவ்வளவு நல்ல காட்சி கையில் இருக்கும்போது, அதை விட்டுவிட்டுக் காரணமில்லாத ஒரு கத்திக்குத்தை ஏன் கண்டுபிடித்தார்கள்?

காப் விஷயத்திலும் இதே கதைதான். நாவலில் காப் என்பவன் சாகப் பயந்த ஒரு மனிதன். சாகாமல் இருப்பதற்காக வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவில் ஓர் ஓட்டையைத் திறந்துவிட்டான், அதன் வழியாக உலகத்தின் வெளிச்சம், பாட்டு, தொழில், மந்திரம் எல்லாம் ஒழுகிப் போகிறது. சாயத்தொழிலுக்குப் பெயர்போன ஒரு தீவில் சாயம் போடத் தெரிந்தவர்கள் இல்லை, மந்திரவாதிகளுக்கு மந்திரம் மறந்துபோகிறது, பாடகர்களுக்குப் பாட்டு மறந்துபோகிறது. காப்பைத் தேடிக் கெட்டும் ஆரனும் இறந்தவர்களின் நாட்டுக்குள்ளேயே நடந்துபோகிறார்கள். அங்கே நட்சத்திரம் நகராது, ஒரு காலத்தில் காதலித்தவர்கள் தெருவில் ஒருவரை ஒருவர் தெரியாமல் கடந்துபோவார்கள். காப் அங்கே தன் பெயரைக்கூட மறந்துவிட்ட, கண் தெரியாத ஒரு பரிதாபம். அவனைக் கொன்று எந்தப் பயனும் இல்லை, அந்த ஓட்டையை மூட வேண்டும். மூடுவதற்குக் கெட் தன்னிடம் இருந்த மந்திரசக்தி அத்தனையையும் கொடுக்கிறார். ஒரு துளி மிச்சமில்லை, பிறகு வாழ்நாள் முழுக்க அவர் சாதாரண மனிதர்தான். முதல் நாவலில் கிழவர் ஒருவர் கெட்டுக்காக எதைச் செய்தாரோ அதையே கெட் உலகத்துக்காகச் செய்கிறார், நான்கு வருட இடைவெளியில் வந்த இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் இப்படி ஒரு கணக்கு நேராகிறது.

படத்தில் காப் கோட்டையில் உட்கார்ந்திருக்கும் சூனியக்காரர். வெளிறிய முகம், மெல்லிய குரல், அடியாட்கள், பிடித்துவைத்த பணயக்கைதி. ஆரன் வாளை உருவுகிறான், காப்பின் கை வெட்டுப்படுகிறது, கோபுர உச்சிக்குத் துரத்தல், டெரு டிராகனாகிறாள், நெருப்பு, முடிந்தது. விடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. கெட் எதையும் இழக்கவில்லை. லெ குவின் படம் பார்த்துவிட்டுத் தன் இணையதளத்தில் எழுதிய கருத்தில் முக்கியமாகச் சொன்னதும் இதைத்தான்: தீமையை ஒரு வில்லனிடம் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், அவனைக் கொன்றுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ஆகிவிட்டது, தன் புத்தகங்களில் அப்படி ஒரு சுலபமான பதில் கிடையாது என்று.

டெரு பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக இல்லை. 1990-இல் வந்த நான்காவது நாவலான 'டெஹானு'வில் அவள் சின்னக் குழந்தை. பெற்றவர்களும் கூட இருந்தவர்களும் சேர்ந்து சித்திரவதை செய்து நெருப்பில் தள்ளிய குழந்தை. முகத்தில் ஒரு பக்கம் முழுக்க வெந்து, ஒரு கண் போய், ஒரு கை நகம்போலச் சுருண்டு பிழைத்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள். இப்போது நடுவயது விதவையாகிவிட்ட டெனார் அவளை எடுத்து வளர்க்கிறாள், சக்தியெல்லாம் போன கெட் அவர்களிடம்தான் வந்து சேருகிறார். மூன்று பேரும் உடைந்தவர்கள், ஒரு பண்ணைவீட்டில் ஆடும் சமையலுமாக மெல்ல மெல்ல வாழ்க்கையைத் திரும்பக் கட்டுகிறார்கள். அந்தக் குழந்தைக்கும் டிராகன்களுக்கும் என்ன உறவு என்பதை லெ குவின் புத்தகம் முழுக்கத் துளித்துளியாக வைத்துக்கொண்டே வருவார், கடைசியில் அவள் கூப்பிட டிராகன் வரும்போது நமக்குத் தொண்டை அடைக்கும். படத்தில் டெரு அழகான பதின்வயதுப் பெண், கண்ணைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தழும்பு, அவ்வளவுதான். அந்தத் தழும்பைப் பார்க்க யாருக்கும் மனம் தாங்காது என்பதுதான் அவள் கதையே. அதைப் பார்க்கும்படியாக ஆக்கிவிட்டு, முன்னால் எந்தத் தடயமும் வைக்காமல் திடீரென்று டிராகனாக மாற்றினால், படிக்காதவர்களுக்குக் குழப்பம், படித்தவர்களுக்கு வேதனை. டெனாரின் சொந்தக் கதையான இரண்டாவது நாவல், கல்லறைகளும் இருட்டுச் சுரங்கமுமாக ஒரு சிறுமி தன்னைச் சிறைவைத்த தெய்வங்களிடமிருந்து வெளியேறும் கதை, படத்தில் பேச்சுவாக்கில் தொட்டுப்போகும் ஒரு பழைய நினைவு மட்டும்.

சரி, படம் முழுக்க வீணா? கிடையாது, நீங்கள் ரசித்ததிலும் தவறில்லை. ஹார்ட் டவுன் நகரம் அருமையாக வரைந்திருக்கிறார்கள், இடிந்த பெருமையும் சந்தை இரைச்சலும் போதைக்கு அடிமையானவர்களும் அடிமை வியாபாரமும் சேர்ந்து அந்த நோயுற்ற உலகம் அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. டெரு புல்வெளியில் தனியாகப் பாடும் அந்தப் பாட்டு, பின்னணி இசை எதுவுமே இல்லாமல், அது நிஜமாகவே மனதைத் தொடுகிறது. அப்புறம் டெனாரின் பண்ணைக் காட்சிகள்: உழுவது, தண்ணீர் இறைப்பது, மாட்டைக் கொட்டிலில் கட்டுவது. லெ குவினும் இவற்றைத்தான் பாராட்டினார், குறைந்தது இந்தக் காட்சிகளிலாவது தன்னுடைய எர்த்ஸீயைக் கண்டுகொண்டதாக எழுதினார். படம் முழுவதும் அந்த வேகத்தில் போயிருந்தால் இந்தப் பதிலையே நான் எழுத வேண்டியிருக்காது.

இப்படி ஆனதற்கு ஒரு பின்னணி உண்டு. கிப்லியின் புகழ்பெற்ற இயக்குநர் ஹயாவோ மியாசாகி இந்தக் கதைகளின் தீவிர வாசகர். 1980-களில் அவரே படமாக்க அனுமதி கேட்டார், லெ குவினுக்கு அப்போது அவர் யாரென்று தெரியாது, அனிமேஷன் என்றால் டிஸ்னி பாணிதான் என்று நினைத்து மறுத்துவிட்டார். பல வருடம் கழித்து மியாசாகியின் 'டொடோரோ' படத்தைப் பார்த்து அசந்துபோய், இவர் செய்வதானால் சம்மதம் என்று அவரே சொல்லி அனுப்பினார். 2005-இல் பேச்சுவார்த்தை நடந்தபோது, தந்தையின் மேற்பார்வையில் மகன் கோரோ மியாசாகி இயக்குவார் என்று லெ குவின் புரிந்துகொண்டார். கோரோ அதற்கு முன் ஒரு படமும் இயக்கியதில்லை, தோட்ட வடிவமைப்பிலும் கிப்லி அருங்காட்சியகத்திலும் வேலை பார்த்தவர். தயாரிப்பாளர் தோஷியோ சுசுகிதான் அவரை உட்கார வைத்தார், அப்பாவுக்கு அதில் சம்மதமே இல்லை. கடைசியில் அப்பாவின் மேற்பார்வையும் நடக்கவில்லை. படத்தின் டைட்டிலில் ஹயாவோவின் 'ஷூனாவின் பயணம்' என்ற 1983 படக்கதையும் மூலக் கருத்தாகக் குறிப்பிடப்படுகிறது. ஆக ஒரு பக்கம் லெ குவின், இன்னொரு பக்கம் அப்பாவின் பழைய கதை, நடுவில் முதல் படம் எடுக்கும் ஒரு மகன். அப்பாவைக் குத்தும் அந்தத் தொடக்கக் காட்சியைப் பலர் இந்த வீட்டுக் கதையோடு சேர்த்துப் பார்ப்பதும் இதனால்தான். அப்படியே இருந்தாலும் அது கோரோவின் கதை, ஆரனின் கதை இல்லை. 2006 ஜூலையில் ஜப்பானில் படம் வந்து நன்றாக ஓடவும் செய்தது. லெ குவினுக்குத் தனியாகப் போட்டுக் காட்டினார்கள், பிடித்ததா என்று கோரோ கேட்டபோது, இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம் என்று பதில் சொன்னார். தனிப்பட்ட முறையில் மரியாதைக்குச் சொன்ன அந்த வார்த்தையைக் கோரோ வெளியில் எழுதிவிட்டதால்தான் அவர் தன் முழுக் கருத்தையும் பிறகு எழுத வேண்டிவந்தது.

இதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்தது இன்னும் மோசம். 2004 டிசம்பரில் அமெரிக்காவின் ஸை ஃபை சேனல் இரண்டு பகுதிகளாக ஒரு தொடரை ஒளிபரப்பியது. லெ குவினுக்கு ஆலோசகர் என்று ஒரு பெயர், எதையும் மாற்றும் அதிகாரம் கிடையாது. எர்த்ஸீயில் ஒருவரின் மெய்ப்பெயர் தெரிந்தால் அவர்மேல் அதிகாரம் கிடைத்துவிடும், அதனால் அதை உயிரைப்போலப் பாதுகாப்பார்கள். வெளியில் எல்லோரும் ஸ்பாரோஹாக் என்று கூப்பிடுவார்கள், கெட் என்பது ரகசியம். அந்தத் தொடரில் இரண்டையும் தலைகீழாக்கி, ஊரெல்லாம் கெட் என்று கூப்பிட, ஸ்பாரோஹாக்கை ரகசியப் பெயராக்கிவிட்டார்கள். முதல் நாவலின் முதல் சில பக்கங்களை ஒழுங்காகப் படித்த யாரும் செய்யாத பிழை.

அதைவிடப் பெரியது நிறம். எர்த்ஸீயில் கெட் செம்பு கலந்த பழுப்பு நிறம், அவன் உயிர்த்தோழன் வெச் நல்ல கறுப்பு, பெரும்பாலான ஜனங்கள் பழுப்பும் கறுப்பும்தான், கொள்ளையடிக்க வரும் கார்க் இனத்தவர் வெள்ளை. 1968-இல் ஃபேன்டசி என்றாலே வெள்ளைக்கார ஹீரோ என்றிருந்த காலத்தில் லெ குவின் யோசித்தே இதைச் செய்தார், வாசகர் ஹீரோவின் மனதுக்குள் போய் உட்கார்ந்த பிறகு அவன் நிறம் தெரியட்டும் என்று மெதுவாகத்தான் சொன்னார். தொடரில் ஓகியனாக டேனி க்ளோவர் நடித்தார், கெட்டாக ஷான் ஆஷ்மோர் என்ற வெள்ளைக்கார இளைஞர், கிட்டத்தட்ட உலகமே வெள்ளையாகிவிட்டது. தொடர் வந்த அதே வாரத்தில் லெ குவின் மிகக் கோபமாக ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கில ஃபேன்டசியில் நம்மைப் போன்ற நிறத்தில் ஒரு ஹீரோவை முதன்முதலாகக் கெட்டில்தான் பார்த்தேன் என்று சொல்லும் வாசகர்களில் நானும் ஒருவன், அதனால் அந்தக் கோபம் எனக்கு அவருடையது மட்டும் இல்லை. இந்தத் தொடரின் உரிமைச் சிக்கலால்தான் கிப்லி படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு 2010 வரை வரமுடியாமல் போனது.

அதனால் இந்த வாசகர்கள் ஒரு முறை அல்ல, இரண்டு முறை காத்திருந்து ஏமாந்தவர்கள். முதல் முறை அக்கறையே இல்லாதவர்கள் கையில் போனது, அதைத் தாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது முறை, இந்தக் கதைகளை உலகத்திலேயே சரியாக எடுக்கக்கூடிய இடம் என்று எல்லோரும் நம்பிய கிப்லியிடம் போயும் இப்படி ஆனது. காற்றையும் புல்லையும் சும்மா இருக்கும் நேரத்தையும் அவர்களைப்போல யாரும் வரைவதில்லை, ஓகியன் மழையில் படுத்திருக்கும் அந்த ஒரு காட்சியை அவர்கள் வரைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். லெ குவின் 2018 ஜனவரியில் காலமானார், தன் எர்த்ஸீயைத் திரையில் சரியாகப் பார்க்காமலே.

நீங்கள் படிக்கப் போவதாக இருந்தால், படத்தில் ஆரன் வருகிறானே என்று மூன்றாவது நாவலில் ஆரம்பித்துவிடாதீர்கள். 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ' முதலில், சின்னப் புத்தகம்தான், இரண்டு நாளில் முடித்துவிடலாம். அப்புறம் 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்', அதில் கெட் பாதிப் புத்தகம் கழித்துத்தான் வருவான், பொறுத்துக்கொள்ளுங்கள், டெனாரைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகக்கூடாது. மூன்றாவதை முடித்ததும் உடனே 'டெஹானு'வை எடுக்காமல் கொஞ்சம் இடைவெளி விடுவது நல்லது, ஏனென்றால் அது பதினெட்டு வருடம் கழித்து, முந்தைய மூன்றையும் ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து திரும்பப் பார்த்து எழுதிய புத்தகம், வேகமாகப் படித்தால் கையில் நிற்காது.